ஸ்கூட்டி நிஸ்தாரின் கராஜில்

மூன்று கிழமைக்கு முதல்
ஊறணியில், நிஸ்தாரின் கராஜில்,
ஸ்கூட்டியை விட்டுவிட்டு வந்தேன்.
பெல்ட் போயிற்றாம்,
கொழும்பிலிருந்து வரவேணுமாம்.
"ரெண்டு நாள் சமாளிங்க அக்கா" என்றான்.
சமாளிக்கத்தான் தொடங்கினேன்.

புளியந்தீவு சின்னத் தீவு.
இந்த ஒழுங்கையில் தும்மினால்
அடுத்த ஒழுங்கையில் ஆரோ "நூறு" என்பார்கள்.
வீட்டுப் படலையிலிருந்து
நான் மருந்து கட்டிக் கொடுக்கும் பாமசி வரை
ஸ்கூட்டியில் நாலு நிமிஷம்.
பன்னிரண்டு வருஷமாய் அந்த நாலு நிமிஷத்தில் பார்த்தது
முன்னால் போகும் பஸ்ஸின் முதுகு.

நடந்த முதல் நாள்
ஒழுங்கை முனையில் ஒரு மஞ்சள் வீடு.
புதிதாய்க் கட்டினதா என்று கேட்டேன்.
கேற்றடியில் நின்ற மனிசி சிரித்தா:
"நாங்க இஞ்ச வந்து ஒம்பது வருஷம்கா."
பெயர் பிலோமினா.
அடுத்த நாள் மதிலுக்கு மேலால்
ஒரு பிடி முருங்கைக்காய் நீண்டது.

டெய்லர் உவைஸ் நானாவோடு
ஒரு கதை நாலு நாள் போகும்.
திங்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று.
செவ்வாய், மாப்பிள்ளைக்கு உயரம் காணாது.
புதன், கடை பூட்டு.
வியாழன், ஊசியில் நூல் கோர்த்தபடி,
"உயரத்தில என்ன கிடக்கு" என்றார்.
நான் ஒரு நாளும் நிற்கவில்லை.
போகிற போக்கில்தான் இவ்வளவும்.

சாமான் லிஸ்ட் எழுதுவதை விட்டுவிட்டேன்.
ஒரு முட்டை, அரை றாத்தல் பாண்,
கை நிறையப் பச்சைமிளகாய்.
மறந்தது எதுவும் தூரத்தில் இல்லை.

கோட்டைமுனைப் பாலத்தில் காற்று
குடையைப் பிடுங்கப் பார்க்கும்.
கீழே வாவி, வாவியில் ஒரு தோணி.
இங்கே மீன் பாடும் என்பார்கள், நான் கேட்டதில்லை.
கேட்டது, தோணிக்காரர் போனில்
கடன் கொடுத்தவனோடு பிடித்த சண்டை.
பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம்.
வட்டி பிழையாய்த்தான் போட்டிருக்கிறான், பாவி.

இதே பாலத்தில்
பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து
வரிசையாய் நடந்த காலமும் உண்டு.
அம்மாவின் பின்னால், அவ சேலையின் கரையைப் பார்த்தபடி.
எங்கள் கால்களை ஆரோ எண்ணினார்கள்.
வேலை கிடைத்து முதல் சம்பளத்தில்
ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டினேன்.
என்ன அவசரம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

எல்லாம் இனிப்பென்று சொல்லமாட்டேன்.
பன்னிரண்டு மணி வெயில் உச்சியில் ஆணி அடிக்கும்.
மார்கழி வெள்ளம் வந்தால்
றோட்டு எது, வாவி எது என்று
செருப்புத்தான் சொல்லவேணும்.
நடந்து போகிறவள் காசில்லாதவள் என்று ஒரு நினைப்பு.
"ஏன்கா, ஸ்கூட்டிய வித்துப்போட்டீங்களா?"
ஓட்டோக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்,
செத்தவீட்டில் கேட்பதுபோல.

மறுகா, அந்தக் கான் மூடி.
மஞ்சள் வீட்டுக்கு முன்னால், கொங்கிறீற்றில்,
ஒரு மூலை பதியாது.
மிதித்தால் "டொக்."
மாநகரசபைக்கு மூன்று பெட்டிசம் போயிற்று,
மூன்றிலும் என் கையெழுத்து.

இரவில் படுத்திருந்து கேட்கிறேன்.
கனத்த ஒன்று:
அட்டெண்டன் ஞானசீலன், நைட் டியூட்டிக்கு.
அடுத்தடுத்து நாலைந்து, நடுவில் ஒரு சிரிப்பு:
டியூசன் முடிந்த பிள்ளைகள்.
ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
பிலோமினாவின் முழங்கால்,
பூசை முடிந்து வருகிறது.
எல்லாரும் வந்தாயிற்று என்று
எப்படியோ தெரிந்த பிறகுதான் நித்திரை.
நாலாவது பெட்டிசம் மேசையில் கிடக்கிறது.
பேனை இருக்கிறது, கை போகவில்லை.

நேற்று நிஸ்தார் திரும்பவும் எடுத்தான்.
"அக்கா, வேலை முடிஞ்சு பத்து நாள்.
இடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது."
"நாளைக்கு வாறன் தம்பி."
"இதத்தானே போன கிழமையும் சொன்னீங்க."

இன்று காலை
சட்டையை அயன் பண்ணக் கரண்ட் இல்லை,
வெளிக்கிடப் பிந்திப்போயிற்று.
ஓடியும் நடந்தும் மூடியை மிதித்தேன்.
மஞ்சள் வீட்டுக் குசினி ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"என்னகா, இண்டைக்கு இவ்வளவு சுணங்கிப் போறாய்?
உன்ட சத்தத்துக்குத்தான்
நான் உலை வைக்கிற."